டோக்கன் தொலையவில்லை, கறுத்துப்போனது

கத்திரி தொடங்கிய இரண்டாம் நாள் அது. அம்மாவுக்குக் கண்ணில் விடும் சொட்டு மருந்து தீர்ந்துபோயிருந்தது, வீட்டுக்கு மளிகையும் வாங்க வேண்டியிருந்தது. உச்சிப்புளியிலிருந்து ராமநாதபுரத்துக்குக் காரிலேயே போய் வந்துவிடலாம் என்று கிளம்பினோம். மண்டபத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் நான் கணக்கு எழுதுகிறேன். தடைக்காலத்தில் அங்கே பெரிய வேலை இருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. படகு போகாவிட்டால் ஐஸ் போகாது, ஐஸ் போகாவிட்டால் எழுதக் கணக்கும் இல்லை. அதனால் ஆஸ்பத்திரி, ரேஷன் கார்டு, சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று வருடம் முழுக்கத் தள்ளிப்போட்டதை எல்லாம் அந்த இரண்டு மாதத்தில்தான் முடிப்போம்.

மருந்து வாங்கிவிட்டு, ஊருக்குள் இருக்கும் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனோம். பெயர் வேண்டாம். பக்கத்தில் வேலி போட்ட பெரிய காலி இடம், அதுதான் பார்க்கிங். ஒரு தகரக் கொட்டகை கிடையாது, ஒரு வேப்பமரம் கிடையாது. வாசலில் நின்ற பையனுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கும். கையில் இருந்த சின்ன மெஷினிலிருந்து ஒரு சீட்டைக் கிழித்து நீட்டினான். “முன்னாடி கண்ணாடிகிட்ட வச்சிருங்கண்ணே, வெளிய போகையில காட்டணும்” என்றான். சொன்ன இடத்தில் வைத்தேன்.

உள்ளே ஒரு மணி நேரம் பத்து நிமிடம் ஆனது. பில் 1,840 ரூபாய். ஐந்நூறு ரூபாய்க்கு மேல் வாங்கினால் பார்க்கிங் இலவசம் என்று பில் போடும் இடத்தில் ஒட்டியிருந்தார்கள், பில்லில் முத்திரையும் குத்திக் கொடுத்தார்கள். திரும்பி வந்து கதவைத் திறந்தால் உள்ளே அடுப்படிபோல் அனல். ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை, துண்டைப் போட்டுத்தான் பிடித்தேன். கண்ணாடிக்குக் கீழே இருந்த சீட்டு, நெருப்பு பட்ட பனையோலைபோல் சுருண்டு கிடந்தது. எடுத்துப் பிரித்தேன். ஒரு பக்கம் முழுக்கக் கறுப்பு. நம்பரும் இல்லை, நேரமும் இல்லை.

வாசலில் நீட்டியதும் பையன் தலையை ஆட்டினான்.

“நம்பர் தெரியலையேண்ணே. இருநூறு ரூபா.”

“எதுக்குப்பா இருநூறு? டோக்கன்தான் கையில இருக்கே.”

“நம்பர் தெரியாட்டி தொலஞ்ச கணக்குத்தான்ணே. போர்டு இருக்கு பாருங்க.”

பார்த்தேன். கேட்டின் உள்பக்கம், வெளியே போகிறவர் முகத்துக்கு நேராக இருந்தது அந்த போர்டு. “டோக்கன் தொலைத்தால் அபராதம் ரூ.200. வாகனத்துக்கும் அதில் உள்ள பொருட்களுக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல.” உள்ளே வரும்போது அதன் முதுகுதான் தெரியும். பொருள் வாங்கி, பணம் கொடுத்து, வெளியே போகிற நேரத்தில்தான் நிபந்தனையைப் படிக்க முடியும்.

பில்லைக் காட்டினேன், முத்திரையைக் காட்டினேன். பின்னால் நான்கு வண்டி வரிசையில் நின்று ஹார்ன் அடித்தது. “குடுத்துட்டு வாப்பா, வெயில்ல எத்தன பேரு நிக்கிறாக பாரு” என்று அம்மா சொன்னார். பையன் கழுத்தில் தொங்கிய அட்டையில் கியூஆர் கோடு. ஜிபேயில் அனுப்பினேன். திரையில் வந்தது கடையின் பெயர் இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர். ரசீது கேட்டேன். “அதெல்லாம் கிடையாதுண்ணே” என்றான்.

பெருங்குளம் தாண்டும்வரை அம்மா ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: “நாம என்னப்பா தப்புப் பண்ணோம்?”

அபராதம்

வீட்டில் எல்லோரும் இருநூறு ரூபாய்தானே, விடு என்றார்கள். இருநூறு ரூபாய்க்குச் சாளை வாங்கினால் எங்கள் வீட்டுக்கும் ஆகும், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். அது ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு இரண்டு நாள் தூக்கம் வராமல் செய்தது பணம் இல்லை, அம்மாவின் கேள்விதான். அபராதம் என்ற சொல்லுக்கே குற்றம் என்றுதான் முதல் பொருள். குற்றம் செய்தவன் கட்டுவதால் அந்தப் பணத்துக்கும் அதே பெயர் வந்தது. எழுபத்தாறு வயதில் ஒருவர், மகனோடு போய் அரிசியும் பருப்பும் வாங்கிவிட்டு வரும் வழியில், குற்றம் செய்தவர்போல் உணர்ந்து பேசாமல் வந்தார். அதை எனக்கு விட முடியவில்லை.

எங்கள் பக்கம் ஊர்க் கூட்டத்தில் தண்டம் போடுவது இன்றும் உண்டு. அடுத்தவன் வலையை அறுத்தால் தண்டம், கூட்டத்தில் வாய் நீண்டால் தண்டம். அந்த முறையில் எனக்குப் பல குறைகள் தெரியும், அதைத் தூக்கிப் பிடிக்கவில்லை. ஆனால் அங்கேகூட ஆளை நிற்க வைத்து, “நீ என்ன சொல்ற?” என்று கேட்காமல் தண்டம் விழாது. ஊர் அவனைக் கேட்கும், அவன் ஊரைக் கேட்பான், பெரியவர்கள் பேசுவார்கள், அப்புறம்தான் தொகை. இந்த வாசலிலோ தொகை முதலிலேயே அச்சடித்து வைத்திருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை. அரசாங்கம் அபராதம் போட்டால் ஒரு சட்டத்தின் பிரிவு எண் இருக்கும், ஓர் அதிகாரியின் கையெழுத்து இருக்கும், மேல்முறையீடு இருக்கும். ஒரு கடைக்கு, அதுவும் பார்க்கிங் நடத்தக் கடை நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த ஒருவருக்கு, என் மேல் அபராதம் போடும் அதிகாரத்தை யார் கொடுத்தார்கள்? எல்லாவற்றையும் ஃபைன், ஃபைன் என்று சொல்லிப் பழகியதால் இந்தக் கேள்வியே நமக்கு எழாமல் போய்விட்டது.

சீட்டு ஏன் கறுத்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அந்தத் தாளில் மையே கிடையாது. தாளின் மேல் ஒரு ரசாயனம் பூசியிருக்கும். மெஷின் அதில் எழுத்து வடிவில் சூடு வைக்கும், சூடு பட்ட இடம் கறுக்கும். மொத்தத் தாளும் சூடானால் மொத்தமும் கறுக்கத்தானே செய்யும்? அன்றிரவு அதே கடையின் பில்லில் ஓர் ஓரத்தைக் கிழித்து இஸ்திரிப் பெட்டியின் நுனியில் வைத்தேன். ஒரு நொடி போதுமாக இருந்தது. நகத்தால் அழுத்திக் கீறினால்கூடச் சாம்பல் நிறத்தில் கோடு விழும், உங்கள் சட்டைப்பையில் பில் இருந்தால் செய்து பாருங்கள். எங்கள் கம்பெனியிலும் ஒரு வருடம் இந்தக் கையடக்க மெஷினை வாங்கி வைத்தோம். ஆறு மாதத்தில் பில் எல்லாம் வெளுத்து வெற்றுத் தாளானது. வெயிலில் வைத்தால் கறுக்கிறது, பெட்டியில் வைத்தால் வெளுக்கிறது. அப்புறம் பழையபடி கார்பன் வைத்த ரசீதுப் புத்தகத்துக்கே திரும்பினோம். படகுக்கு ஒரு தாள், எங்களுக்கு ஒரு தாள். உப்புக் காற்றிலும் ஐஸ் தண்ணீரிலும் நின்று தாங்குவது அதுதான். முப்பது வருடமாக அந்தப் புத்தகத்தோடு இருப்பவன் நான். ரசீது இல்லாமல் பணம் கைமாறினால் உடம்பிலேயே ஓர் அரிப்பு வந்துவிடும்.

இதை எல்லாம் சேர்த்துப் பார்த்தபோதுதான் கோபம் வந்தது. வெயிலில் நிறுத்தச் சொன்னது அவர்கள். சூட்டில் கறுக்கும் தாளைக் கொடுத்தது அவர்கள். அதைக் கண்ணாடி ஓரத்தில் வைக்கச் சொன்னதும் அவர்கள். கறுத்தது மட்டும் எங்கள் குற்றம்.

லெஸ்டரிலிருந்து வந்த ஃபோன்

அக்கா மகன் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசும்போது இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, “மாமாட்ட ஃபோனைக் குடுங்க அம்மாச்சி” என்றான். போன வருடம் அவனுக்கும் இதேபோல் ஒன்று நடந்ததாம். அவன் வழக்கமாகப் போகும் சூப்பர் மார்க்கெட்டில் இரண்டு மணி நேரம் பார்க்கிங் இலவசம். வாசலில் ஆள் கிடையாது, கேமரா வண்டி எண்ணைப் படித்துக்கொள்ளும். ஒருநாள் காலையில் பால் வாங்கப் போயிருக்கிறான், சாயங்காலம் விட்டுப்போன சாமானுக்காக மறுபடியும் போயிருக்கிறான். கேமரா காலையில் உள்ளே வந்ததையும் சாயங்காலம் வெளியே போனதையும் மட்டும் சேர்த்து, நாள் முழுக்க வண்டி அங்கேயே நின்றதாகக் கணக்குப் போட்டுவிட்டது. தபாலில் கடிதம் வந்தது: 100 பவுண்டு, 14 நாளுக்குள் கட்டினால் 60.

“பயந்து கட்டிருவேன்னுதான் அந்த 60 மாமா” என்றான். அவன் ஒரு விஷயம் சொன்னான், அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அங்கே நகராட்சி போடுவது சட்டப்படியான அபராதம். தனியார் அனுப்புவது ஒப்பந்தத்தை மீறியதற்கான கட்டணம். அது பெனால்டி சார்ஜ் நோட்டீஸ், இது பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் முதலெழுத்து ஒன்றே, பி.சி.என். கடிதத்தின் தோரணையும் ஒன்றுபோல் இருக்கும். பார்க்கிறவன் போலீஸ் அனுப்பியது என்று நினைத்துக்கொண்டு கட்டிவிடுவான். என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதில்தான் பாதி வேலை நடக்கிறது. ராமநாதபுரத்தில் நான் எந்தச் சொல்லில் மாட்டிக்கொண்டிருந்தேனோ, லெஸ்டரில் அவனும் அதிலேயே மாட்டியிருக்கிறான்.

அதற்காக எல்லாக் கடிதத்தையும் கிழித்துப் போடலாம் என்று அவன் சொல்லவில்லை. 2015இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கைத் தீர்த்தது. செம்ஸ்ஃபோர்டு என்ற ஊரில் கடைகளோடு சேர்ந்த பார்க்கிங், இரண்டு மணி நேரம் இலவசம். ஒருவர் 56 நிமிடம் கூடுதலாக நிறுத்திவிட்டார், 85 பவுண்டு கேட்டார்கள். கட்டத்தான் வேண்டும் என்று தீர்ப்பானது. ஆனால் அங்கே போர்டுகள் பெரிதாக, பல இடத்தில், வண்டி ஓட்டுகிறவர் படிக்கும்படி இருந்தன என்பதும் அந்தத் தீர்ப்பில் கணக்கில் வந்தது. எந்த நிபந்தனைக்குச் சம்மதிக்கிறோம் என்று தெரிந்துதான் அவர் வண்டியை நிறுத்தினார்.

“நீங்க பார்க்கிங்காரன்ட்ட பேசாதீங்க மாமா. கடைக்காரன்ட்ட பேசுங்க. எடம் அவனோடது. அவன் ஒரு வார்த்த சொன்னா இவன் கேட்டுத்தான் ஆகணும். நான் ரெண்டு பில்லையும் எடுத்துட்டுப் போயி கடை மேனேஜரத்தான் பாத்தேன். அவரே ரத்துப் பண்ணச் சொல்லிட்டாரு.”

என் மனதில் அதுவரை நின்றவன் வாசலில் இருந்த பையன் மட்டும்தான். மருமகன் சொன்ன பிறகுதான் எனக்குத் தெளிந்தது: நான் வாசலோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன், வீட்டுக்குள் இருப்பவரைக் கூப்பிடவே இல்லை.

மறுநாள் கடைக்கு ஃபோன் செய்தேன். “பார்க்கிங்குக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்ல சார், அது கான்ட்ராக்ட்” என்று வைத்துவிட்டார்கள். சரி, எழுத்தில் கேட்போம் என்று உட்கார்ந்தேன். ராமநாதபுரம் கோர்ட்டில் வக்கீலாக இருக்கும் என் பள்ளித் தோழன் உதவினான். அவன் சொல்லச் சொல்ல எனக்கு ஆச்சரியமாக இருந்தது, எவ்வளவு பழைய விஷயங்கள் நம் பக்கம் நிற்கின்றன என்று. 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, மீறினால் இவ்வளவு என்று தொகை எழுதியிருந்தாலும், அந்தத் தொகைக்குள் நியாயமான இழப்பீடுதான் வாங்கலாம் என்கிறது. ஒரு துண்டுச் சீட்டு கறுத்ததால் கடைக்கு என்ன இழப்பு? சீட்டின் பின்னால் நிபந்தனையை அச்சடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்பதும் இல்லை. சலவைக்குப் போட்ட புதுச் சேலை தொலைந்துபோன ஒரு வழக்கில், ரசீதில் எழுதியபடி விலையில் ஒரு பகுதிதான் தருவோம் என்று கடைக்காரர் சொன்னார். அது செல்லாது என்றது சென்னை உயர் நீதிமன்றம். 1966இன் சட்ட அறிக்கைகளில் இருக்கிறது. நிர்வாகம் பொறுப்பல்ல என்ற வரிக்கும் பதில் உண்டு. டெல்லியில் ஓட்டல் ஊழியரிடம் சாவியைக் கொடுத்து நிறுத்தச் சொன்ன கார் திருடுபோன வழக்கில், ‘உரிமையாளர் பொறுப்பில் நிறுத்துகிறார்’ என்று சீட்டில் அச்சடித்திருந்தாலும், கவனக்குறைவு இருந்தால் ஓட்டல் தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லிவிட்டது. சாவி நம் கையிலேயே இருக்கும் சூப்பர் மார்க்கெட் வண்டிக்கு அது அப்படியே பொருந்தாது என்று தோழன் எச்சரித்தான். ஆனாலும் ஒரே போர்டில் மேல் வரியில் சீட்டுக்கு இருநூறு கேட்டு, கீழ் வரியில் காருக்கே பொறுப்பில்லை என்பதை எப்படி எடுத்துக்கொள்வது?

கடைசியாக ஒன்று சொன்னான், கணக்கெழுதும் எனக்கு அதுதான் பிடித்தது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சேவைக்குப் பணம் வாங்கிக்கொண்டு பில்லோ ரசீதோ கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வணிக நடவடிக்கை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், இரண்டு வருடம் வரை நேரம் இருக்கிறது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். எனக்கு அந்தத் தூரம் போக வேண்டியிருக்கவில்லை. போகலாம் என்று தெரிந்ததே கையை உறுதியாக்கியது.

ஒன்றரைப் பக்கத்தில் கடிதம் எழுதிக் கடை உரிமையாளர் பெயருக்கு ஸ்பீடு போஸ்ட் அனுப்பினேன். அபராதம் என்ற சொல்லுக்கு என்ன அதிகாரம் என்றும், கடைப் பார்க்கிங்கில் வாங்கிய பணம் ஏன் ஒரு தனி ஆளின் கணக்குக்குப் போகிறது என்றும், ரசீது எங்கே என்றும் கேட்டேன். பில், ஜிபே திரை, கறுத்த சீட்டு மூன்றின் நகலையும் இணைத்தேன். கறுத்த சீட்டை ஜெராக்ஸ் எடுத்தபோது ஒரு கறுப்புக் கட்டம்தான் வந்தது.

பையனின் நோட்டு

ஒன்பதாம் நாள் மேனேஜர் கூப்பிட்டார். நேரில் போனேன். இளம் வயதுதான், மரியாதையாக உட்கார வைத்தார். “எல்லாரும் இப்படித்தான் சார் சொல்றாங்க. டோக்கன மாத்திக் குடுத்து வண்டியத் தூக்கிட்டுப் போயிட்டா நாங்கல்ல பதில் சொல்லணும்?” என்றார். அவர் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. வண்டிக்குரிய ஆள்தானா என்று பார்க்க ஆர்.சி.யைக் கேளுங்கள், லைசென்ஸைக் கேளுங்கள், பணம் எதற்கு என்றேன். கறுத்ததை அவர் நம்பவில்லை. அடுப்பில் காட்டியிருப்பேனோ என்றுகூட நினைத்தார்போல.

“இன்னிக்கு உள்ள வரும்போது ஒரு டோக்கன் குடுத்தாங்க. கண்ணாடிகிட்டத்தான் வச்சிருக்கேன். வாங்க, பாப்போம்” என்றேன்.

மணி பன்னிரண்டரை ஆகியிருந்தது. நான் வந்து ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருக்கும். இருவரும் வெயிலில் நடந்தோம். கதவைத் திறந்ததும் அனல் அவர் முகத்தில் அடித்து ஒரு அடி பின்வாங்கினார். சீட்டை அவரையே எடுக்கச் சொன்னேன். இந்த முறை முழுக் கறுப்பு இல்லை. நடுவில் அடர்ந்த சாம்பல், ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை. நம்பர் இருந்த இடத்தில் கடைசி எழுத்து மட்டும் நிழல்போல் தெரிந்தது. அவர் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. எரிந்த தாள் என்றால் இரண்டு பக்கமும் கறுத்திருக்கும். அவர் மறுபடி முன்பக்கத்தைப் பார்த்தார், மறுபடி பின்பக்கத்தைப் பார்த்தார்.

அதற்குள் வாசலில் இருந்த பையன் வந்துவிட்டான். “என்ன சார், கறுப்பா?” என்று கேட்டான்.

நானும் மேனேஜரும் அவனைத் திரும்பிப் பார்த்தோம். அவன் மிகச் சாதாரணமாகத்தான் கேட்டான். மேனேஜர், “கறுப்புன்னா என்னடா?” என்றார். பையன் இடுப்பில் செருகியிருந்த நாற்பது பக்க நோட்டை எடுத்தான். சாயங்காலம் கான்ட்ராக்ட்காரருக்குக் கணக்குக் கொடுக்க அவனே கோடு போட்டு எழுதி வைத்திருந்தான். தேதி, வண்டி எண், தொகை. கடைசிக் கட்டத்தில் காரணம். சிலவற்றுக்கு நேரே “தொலைஞ்சது”. அதைவிட அதிகமான வரிகளில் “கறுப்பு” என்று எழுதியிருந்தான். கறுப்பு 200. கறுப்பு 200. கறுப்பு 200. வியர்வையில் பேனா மை ஊறியிருந்தாலும் எல்லாம் படிக்கும்படி இருந்தது. மே மாதப் பக்கத்தில் என் வண்டி எண்ணுக்கு நேரேயும் அதேதான்.

யாரும் அவனிடம் அப்படி எழுதச் சொல்லவில்லை. தொலைந்தது என்று எல்லாவற்றுக்கும் எழுதியிருந்தால் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆனால் தொலையாத ஒன்றைத் தொலைந்தது என்று எழுத அவன் கை போகவில்லை. வாசலில் என்னிடம் தொலஞ்ச கணக்கு என்று சொன்ன அதே பையன், நோட்டில் உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறான். கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த நோட்டைப் பார்த்தபோது எனக்கு அவன் மேல் இருந்த கோபம் முழுக்கப் போய்விட்டது. அவனைத் தனியே கூப்பிட்டு, “இந்த நோட்டால உனக்கு எதுவும் வந்துச்சுன்னா எனக்கு ஃபோன் பண்ணு தம்பி” என்று நம்பர் கொடுத்தேன். மேனேஜரிடமும் அதைத் தெளிவாகச் சொன்னேன். அவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான், போகும்போதெல்லாம் பார்க்கிறேன்.

மேனேஜர் அந்தப் பக்கங்களை நின்ற இடத்திலேயே, வெயிலிலேயே ஒவ்வொன்றாகப் புரட்டினார். உள்ளே போய் யாரிடமோ பேசினார். திரும்பி வந்து இருநூறு ரூபாயை ஒரு கவரில் கொடுத்தார். கடையின் ரசீதுப் புத்தகத்தில் “பார்க்கிங் தொகை திருப்பியது” என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

“மத்தவங்களுக்கு?” என்றேன்.

நோட்டில் வண்டி எண் இருக்கிறது, ஃபோன் நம்பர் இல்லை, எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டார். உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. ஒரு போர்டு வையுங்கள், கறுத்த டோக்கனுக்குப் பணம் கட்டியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதுங்கள் என்றேன். முதலாளியிடம் கேட்கிறேன் என்றார். அந்த போர்டு இதுவரை வரவில்லை. வந்த மாற்றம் இரண்டு. சீட்டுக்குப் பதில் எண் அடித்த பிளாஸ்டிக் வில்லை கொடுக்கிறார்கள். கேட்டுக்கு வெளியே, உள்ளே வரும்போதே தெரிகிற மாதிரி போர்டைத் திருப்பிவிட்டார்கள். அதில் அபராதம் என்ற சொல் மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்த நிலத்தைப் பற்றி

இன்னொரு கேள்வியும் பாக்கி இருக்கிறது. இவ்வளவு பெரிய கடை கட்ட அனுமதி வாங்கும்போது, தமிழ்நாடு ஒருங்கிணைந்த மேம்பாடு மற்றும் கட்டட விதிகள் 2019இன்படி, வண்டி நிறுத்த இவ்வளவு இடம் என்று வரைபடத்தில் காட்ட வேண்டும். அந்த இடத்தைக் காட்டித்தான் கட்டடத்துக்கே அனுமதி. அப்படிக் காட்டிய இடத்தைக் குத்தகைக்கு விட்டு, வாங்க வருகிறவரிடமே பணம் பார்க்கலாமா என்பதில் கோர்ட்டுகளே ஒரே பக்கம் நிற்கவில்லை. 2019இல் குஜராத் உயர் நீதிமன்றம் மால்கள் கட்டணம் வாங்க முடியாது என்றது. கேரளத்தில் வாங்கலாம் என்று தீர்ப்பு வந்திருக்கிறது. தெலங்கானாவில் 2018இலேயே அரசாணை போட்டார்கள்: முதல் அரை மணி நேரம் எல்லோருக்கும் இலவசம், ஒரு மணி நேரம் வரை எவ்வளவு தொகைக்கு பில் இருந்தாலும் இலவசம், அதற்கு மேல் போனால் பில் தொகை பார்க்கிங் கட்டணத்தைவிட அதிகமாக இருந்தால் இலவசம். அந்த மூன்று வரியும் எனக்கு மிக ஞாயமாகப் படுகிறது. பொருள் வாங்க வந்தவர் யார், சும்மா வண்டியைப் போட்டுவிட்டு பஸ் ஏறிப்போகிறவர் யார் என்று அது பிரித்துப் பார்க்கிறது. பஸ் ஏறுகிறவரிடம் வாங்கட்டும், நான் குறை சொல்லமாட்டேன். கடைக்காரரின் சங்கடமும் எனக்குப் புரியும்.

பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்தக் கட்டடத்தின் அனுமதி வரைபடத்தைக் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி நகராட்சிக்கு மே மாதத்திலேயே எழுதியிருந்தேன். முப்பது நாள் கெடு முடியும் நேரத்தில் பதில் வந்தது. அலுவலக நேரத்தில் நேரில் வந்து கோப்பைப் பார்வையிடலாம் என்று எழுதியிருந்தார்கள். அந்தத் தபால் கையில் கிடைத்த நாள் ஜூன் 14.

அன்றைக்கு மண்டபத்தில் யாருக்கும் உட்கார நேரம் இருக்காது. இரண்டு மாதம் கரையில் கிடந்த படகுகள் விடிந்தால் கடலுக்குப் போக வேண்டும். டீசல் ஒரு பக்கம், தண்ணீர் கேன் ஒரு பக்கம், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஐஸ் வேண்டும். கட்டிகள் மெஷினில் நொறுங்கும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. நான் மேஜையில் ரசீது போட்டுக்கொண்டே இருந்தேன். ராத்திரி பதினொன்று இருக்கும், ஒரு படகின் டிரைவர் ரசீதை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றார். எத்தனையோ வருடப் பழக்கம்.

“அண்ணே, அந்தக் கடையில ஏதோ பணம் திருப்பிக் குடுத்தாகளாமே. எங்கிட்டயும் வாங்குனாண்ணே. பிள்ளைக்கு யூனிஃபார்ம் எடுக்கப் போயிருந்தோம். டோக்கன் கறுத்துருச்சு.”

“எந்தத் தேதி?”

“மே கடைசி. ஜிபேல இருக்கும்.”

ஃபோனை வாங்கிப் பார்த்தேன். மே 24, ரூ.200, அதே தனி ஆளின் பெயர். அடுத்த படகுக்காரரை ஐந்து நிமிடம் பொறுக்கச் சொன்னேன். வெள்ளைத்தாள் இரண்டை எடுத்து நடுவில் கார்பனை வைத்தேன். “வண்டி நம்பர் சொல்லுங்க” என்றேன். அவர் சொல்லச் சொல்ல அழுத்தி எழுதினேன்.